கும்மிடிப்பூண்டியில் யோசனை இலவசம்

யோசனை கேட்டு வருகிறவர்கள் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நாம் தலையை ஆட்டினால் போதும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, வேலை தேடுகிறவர்களுக்கு பயோடேட்டா அடிப்பதும், புதுசாகக் கடை போடுகிறவர்களுக்கு லைசென்ஸ் விண்ணப்பம் போடுவதும் என் பிழைப்பு. யோசனை இலவசம். என்னைப் போலக் கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து ஊர் பேச்சைக் கேட்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இன்டர்வியூவில் பலவீனம்

தேசப்பன் ஐ.டி.ஐ. முடித்தவன். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வியில் கவிழ்ந்துகொண்டிருந்தான். "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டால், "அப்டி ஒண்ணும் இல்ல சார்" என்பானாம். "யாருப்பா நம்புவாங்க? உண்மையா ஒண்ணு சொல்லு. ஆனா வேலையைக் கெடுக்காததா பாத்து சொல்லு" என்றேன். பையன் காதில் முன்பாதி மட்டும் விழுந்திருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு இரும்பு ஆலையில் இன்டர்வியூ. அதே கேள்வி. "காலைல எந்திரிக்க முடியாது சார். எங்கம்மா மூஞ்சில தண்ணி ஊத்துனாத்தான்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். மதிய ஷிஃப்டுக்கு ஆளே கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆர்டரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்வீட் பாக்ஸோடு வந்தவன் என்னிடம் சொன்னான்: "இன்னொரு பலவீனம் கூட ரெடியா வச்சிருந்தேன்க்கா, அவங்கதான் கேக்கல."

எதிர்க்கடை வேண்டாம்

வீட்டுக்காரருக்கு கான்ட்ராக்ட் வேலை போனதும், அமுலு தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நாஷ்டா கடை போட முடிவு செய்தாள். எங்கே போடுவது, என்ன விற்பது என்று என்னிடம் கேட்டாள். நான் புத்தகம் படித்தவள் போல விளக்கினேன். இட்லிக் கடை இருக்கிற இடத்தில் இட்லி போடாதே, வேறு கம்பெனி கேட் பார், வேறு பண்டம் பார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்றும் பயமுறுத்தினேன். அமுலு பயந்தவளாகத் தெரியவில்லை. "சரிக்கா, சுத்திப் பாத்துக்கினு வரேன்" என்று போனாள்.

பத்துநாள் அங்கேயிருந்த கடைகளிலெல்லாம் சாப்பிட்டிருக்கிறாள். பிறகு, கூட்டம் அதிகமாக இருந்த இட்லிக் கடைக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியை நிறுத்தினாள். அவளும் இட்லிதான். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஷிஃப்ட் முடிந்த கூட்டம் முழுக்க அவள் வண்டியைச் சுற்றி நிற்கிறது. நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லையே என்றேன். ஒரு தட்டை என் கையில் திணித்துவிட்டு, பக்கத்துக் கடைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அவங்க சாம்பார் நல்லா இல்லக்கா. பக்கத்துலயே இருந்தாத்தான என்னுது நல்லா கீதுன்னு தெரியும்?"

மாறிப்போன பயோடேட்டா

வெல்டர் ஏழுமலைக்கு ஒரே நாளில் இரண்டு பயோடேட்டா அடித்துக் கொடுத்தேன். ஒன்று வேலைக்கு, ஒன்று கல்யாணத்துக்கு. இரண்டையும் அவன் போனுக்கு அனுப்பினேன். அவன் கல்யாண பயோடேட்டாவைக் கம்பெனிக்கும், கம்பெனி பயோடேட்டாவைப் பொன்னேரியில் பெண் வீட்டுக்கும் தட்டிவிட்டான். அடியில் என் கடை நம்பர் இருந்ததால் முதலில் எனக்குத்தான் கம்பெனியிலிருந்து போன். "மேடம், ரோகிணி நட்சத்திரம், சரி. வெல்டிங் தெரியுமா தெரியாதா?"

ஏழுமலை கடைக்கு ஓடிவந்தான். பழைய வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. பெண்ணையும் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மழுப்பாமல் நடந்ததைச் சொல்லிவிடு என்றேன். இரண்டு இடத்துக்கும் போன் போட்டான். இரண்டு இடத்திலும் சிரித்துவிட்டு நேரில் வரச் சொன்னார்கள். வேலையும் அமைந்தது, பெண்ணும் அமைந்தது. பத்திரிகை வைக்க வந்த அவன் அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "ரெண்டு எடத்துலயும் நைட் ஷிஃப்ட் போவானான்னு ஒரே கேள்விதாம்மா. அவன் கம்பெனில போவேன்னு சொன்னான், நான் பொண்ணு ஊட்ல போவ மாட்டான்னு சொல்லிட்டேன்."

ஏர்போர்ட் வேலை

கஸ்தூரி பி.காம். வீட்டுக்கு மூத்தவள். ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்தாள். போனில் ஒருவன் ஏர்போர்ட்டில் வேலை தருகிறானாம். யூனிஃபார்முக்கு டெபாசிட் மட்டும் உடனே அனுப்ப வேண்டுமாம். அம்மா கம்மலைக் கழற்றிக்கூடக் கொடுத்துவிட்டார். அடகு வைக்கப் போகிற வழியில்தான் என் கடையில் ஏறியிருக்கிறாள். "வேலை கொடுக்கிறவன் நம்மகிட்ட எதுக்கும்மா பணம் கேக்கணும்? முதல் மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லிப் பாரேன்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அந்த ஆளை அழைத்தாள். சம்பளத்தில் பிடிக்கிற வழக்கமில்லை, இன்றைக்கே அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவன் மிரட்டினான். கஸ்தூரி அவன் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்: "டப்பு குடுக்குறது நானு. அப்ப நீதான நைனா எனக்கு வேலை செய்யணும்? எப்ப வந்து ஜாயின் பண்ற?"

நஷ்டமே வராத தொழில்

ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். நஷ்டமே வராத தொழிலாக ஒன்று சொல்லம்மா என்று தினமும் வருவார். நானும் தண்ணீர் கேன் ஏஜென்சி, மாவுக்கடை, டெய்லர் சாமான் கடை என்று சளைக்காமல் சொன்னேன். எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். கடைசியில் ஒருநாள் நாற்காலியில் சாய்ந்து, என் ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, யோசனை சொல்றதுக்குச் சரக்கு வாங்கத் தேவையில்ல, வித்தது திரும்பி வராது. உன் கடை பக்கத்துலயே ஒரு ரூம் காலியா கீதா?"

என் யோசனையைக் கேட்டு முன்னேறியவர்களும் உண்டு, கேட்காமல் முன்னேறியவர்களும் உண்டு. இரு தரப்பும் என்னைத் தேடி மறுபடி வருவது ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க மட்டும்தான்.