தாடையைப் பிடித்த கை

பாலேந்திரனின் குறட்டையைப் பற்றிச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் அவர் தூங்கிக்கொண்டு வந்த பஸ்ஸின் டிரைவர், பின்னால் லொறி வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டாராம். சரி, இதில் முக்கால்வாசியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமே ஒரு வீட்டுக்குப் போதும்.

ஆள் யாழ்ப்பாணம். கண்டியில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலை. சட்டையின் மேல் பொத்தான் ஒருநாளும் பூட்டுப்படாத தடித்த கழுத்து. பகலிலேயே படத்தின் மேல் சாய்ந்து தூங்கிவிடுவார். ஒருமுறை மகாவலி கங்கை அவருடைய பேனையோடு சேர்ந்து மலைமேல் ஏறிவிட்டதென்று கந்தோரில் கதை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் தமிழரின் கடைகள் எரிந்தபோது, பக்கத்து வளவு முஹைதீன் நானா அவரையும் மனைவி பத்மாதேவியையும் தன் கடையின் மேல்தட்டில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பட்டப்பகல். கீழே ரோட்டில் பொல்லுகளோடு ஆட்கள். அந்த நேரத்தில் யாருக்காவது தூக்கம் வருமா? அவருக்கு வந்தது.

முஹைதீன் ஏணியில் பாதி ஏறி, "தங்கச்சி, மனுசன எழுப்புங்க! ரோட்டுக்கே கேக்குது, அல்லாவே!" என்றார்.

"எழுப்ப எழுப்பத் தூங்கி விழுறார், நானா."

பத்மாதேவி வாயைப் பொத்திப் பார்த்தா. மூச்சே நின்றுபோய், பிறகு இரண்டு மடங்கு சத்தத்தோடு வெடித்தது. பதற்றத்தில் கீழ்த்தாடையைப் பிடித்து முன்னால் இழுத்தா. சத்தம் அடங்கியது. மூச்சு மட்டும் அமைதியாகப் போய்வந்தது. எட்டு மணித்தியாலம் அவ அந்தத் தாடையை விடவில்லை.

அது ஒரு வியாதி, தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது என்று தெரியவர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கனடாவிலிருந்த மகள் ஒரு காற்று மெஷின் அனுப்பினாள். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து குழாய். டொக்டர் காற்றின் அழுத்தத்தைப் பதினாலில் வைத்தார். வயிறு ஊதியது, வாய் திறந்து காற்றெல்லாம் வெளியே போனது. விடியும்போது மாஸ்க் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

பல் டொக்டர் ஒருவரிடம் பத்மாதேவி வெங்காய மூட்டைக் கதையைச் சொன்னா. அவர் சிரித்துவிட்டு, "அம்மா, உங்கட அந்தக் கையைத்தான் நான் இப்ப செய்து தரப்போறன்" என்றார். மேல்பல்லிலும் கீழ்ப்பல்லிலும் மாட்டுகிற தகடு. தாடையை முன்னால் பிடித்துவைக்கும். தகட்டையும் மெஷினையும் சேர்த்துப் போட்டபோது காற்று ஒன்பதே போதுமாக இருந்தது. பாலேந்திரன் அறுபது வயதில் முதல்முறையாகக் காலை வரை தூங்கினார். எழுந்து, "இஞ்சரும், சனம் இப்பிடித்தான் தூங்கிறதோ?" என்று கேட்டாராம்.

ஒரு வருஷந்தான் அந்தத் தூக்கம்.

இரண்டாயிரத்தெட்டில் ஒரு விடியற்காலை பொலிஸ் செக்கிங். கதவைத் தட்டியதும் மாஸ்க்கைக் கழற்றினார், தகட்டை மறந்துவிட்டார். அடையாள அட்டையை நீட்டிப் பேர் சொன்னபோது வார்த்தை குழறியது, பல்லில் ஏதோ மினுங்கியது. வாயில் எதையோ கடித்துக்கொண்டு நிற்கிற தமிழன்!

"புலி! சயனைட்!" என்று ஒருவன் கத்தினான்.

இரண்டு பேர் அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். மூன்றாமவன் வாய்க்குள் விரலை விட்டுத் தகட்டைப் பிடுங்கி, நிலத்தில் போட்டு மிதித்தான். ஒரு பல்லும் கூட வந்தது. முஹைதீன் ஓடிவந்து சிங்களத்தில் எல்லாம் விளங்கப்படுத்திய பிறகு சார்ஜன்ட், "இதை வாயில் வைத்துக்கொண்டா கதவைத் திறப்பது?" என்று பாலேந்திரனையே ஏசிவிட்டுப் போனான்.

வேறு தகடு செய்யலாமென்று பல் டொக்டர் இரண்டு தடவை சொல்லியனுப்பினார்.

"என்ர வாய்க்குள்ள இனி ஒருத்தற்ற கையும் போகாது" என்றார் பாலேந்திரன். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

தகடு இல்லாமல் மெஷின் திரும்பப் பதினாலுக்குப் போனது. அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். பத்மாதேவி பழையபடி கட்டிலோரம் கதிரையைப் போட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தா. இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கிய வாதக்கை. இரவும் பிடித்தா, பகல் தூக்கத்துக்கும் பிடித்தா. ஆறு கிழமை, ஒன்றரை மாதம். ஒரு பின்னேரம் அவவே கண்ணயர்ந்தா. எழும்பியபோது கை தன் மடியில் கிடந்தது. அவர் குளிர்ந்துபோயிருந்தார்.

செத்தவீட்டில் அவ வலக்கையைச் சேலைத்தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டிருந்தா. முஹைதீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, எட்டு மணித்தியாலம் விடாமப் புடிச்ச கை அது. நான் பாத்தேனே."

"ஓம், நானா" என்றா பத்மாதேவி. "அண்டைக்கு எனக்கு முப்பது வயசு."