முன்கோபுரத்தில் சம்பந்திகள்

நிச்சயதார்த்தம் முடிந்த சூட்டோடு, பெண் வீட்டுப் பெரியவர்கள் ஆறு பேரைத் தூத்துக்குடி இசக்கிராஜா ஒரு கோபுரத்தில் ஏற்றி உயிரோடு கொளுத்திவிட்டான் என்று திருச்செந்தூரில் ஒரு பேச்சு கிளம்பியது. பஸ் ஆத்தூரைத் தாண்டுவதற்குள் ஆறு பேர் பதினோரு பேரானார்கள். முக்காணியில் ஒரு பெட்ரோல் கேன் ஏறிக்கொண்டது. பழையகாயலில் கொலைகாரன் தோணி பிடித்து இலங்கைக்கே போய்விட்டான்.

இலங்கைக்குப் போனவனைத் தேடிப் போனால், துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்ததால் ஊறுகாயைத் தொடவில்லை. விசாரித்ததில், வதந்தியில் பாதிக்கு மேல் உண்மை. கோபுரம் உண்மை. தீ உண்மை. ஆறு பேர் வெந்ததும் உண்மை. ஆனால் வெந்த இடம் செல்போன்.

கண்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் ராட்சத வண்டியை ஓட்டுபவன் இசக்கிராஜா. முப்பது வயதைத் தாண்டியும் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதும், அடித்தவனுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தவன். கொசு கடித்தால் அடிக்கமாட்டான். ஃபேனைக் கூட்டி வைப்பான். இப்படிப்பட்ட புண்ணியவான், லாரி வராத நேரத்தில் போனைக் கையில் எடுத்தால் போதும், தலைகள் உருளும்.

அது கோட்டை விளையாட்டு. நம் கோட்டையை எதிராளி வந்து முற்றுகையிடுவான். கோட்டையைச் சுற்றிக் காவல் கோபுரங்கள். எந்தக் கோபுரத்தில் எந்த மாதிரி ஆளை ஏற்றுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். வில்லாளியை ஏற்றினால் தூரத்தில் வருகிறவனின் கழுத்தில் அம்பைச் செருகுவான். எண்ணெய்க்காரனை ஏற்றினால் ஏணியில் ஏறுகிறவன் தோலுரிந்து விழுவான். கோடாரிக்காரனை மட்டும் கோபுரத்தில் ஏற்றக் கூடாது. அவன் கைக்கு எட்டினால்தான் வெட்டுவான். ஒவ்வொருவனுக்கும் நாம் பேர் வைத்துக்கொள்ளலாம். செத்தால் அந்தப் பேர் சிவப்பு எழுத்தில் திரையில் ஓடும். இசக்கிராஜா பழக்கமான பேர்களைத்தான் வைப்பான். யாரோ எவரோ செத்தால் அவனுக்கு ரத்தம் கொதிக்காது.

நிச்சயம் முடிந்ததும் பெண் வீட்டு ஆட்களுக்கும் கோட்டையில் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. சம்பந்திகளைப் பின்னால் நிறுத்த முடியுமா? முன்கோபுரத்தைக் கொடுத்தான். சரி, என்ன ஆளாக ஏற்றுவது? வில்லாளி மலிவு; விலா எலும்பு தெரிகிற நோஞ்சான்; மீசையும் கிடையாது. கோடாரிக்காரன் விலை கூடினவன். மீசையை முறுக்கினால் காது வரைக்கும் வரும். மணப்பெண் ரம்யாவின் பெரியப்பா சிவனாண்டிக்கு, திருச்செந்தூர் சன்னதித் தெருவில் லாட்ஜ் வைத்திருப்பவருக்கு, அதே மீசை. இசக்கிராஜா யோசிக்கவே இல்லை. சிவனாண்டியை உச்சியில் ஏற்றி, கீழே அவர் தம்பியான தன் மாமனாரையும் மற்ற நால்வரையும், ஆறு பேரையும் கோடாரிக்காரர்களாகவே நிறுத்தினான். தன் சொந்த அப்பாவையும் சித்தப்பாவையும் வில்லைக் கொடுத்துப் பின்கோபுரத்துக்கு அனுப்பிவிட்டான்.

முற்றுகைக்கு வந்தவன் டிரெய்லர் ஓட்டும் ஃபிராங்க்ளின். யார்டு வாசலில் வரிசையில் நின்றபடியே படை நடத்துகிறவன். முன்கோபுரத்திலிருந்து ஒரு அம்பும் வரவில்லை என்று கண்டதும் தீப்பந்தக்காரர்களை ஓடவிட்டான். அடிவாரத்தில் தீ பிடித்தது. ஆறு கோடாரிகள் கோபுரத்தில் காற்றை வெட்டின. மாமனார் தீப்பந்தாகக் குதித்துக் கல்லில் மோதிச் சிதறினார். ஒருவர் படியிலேயே கரிந்தார். சிவனாண்டியின் மீசை முதலில் பற்றியது, பிறகு தலை, பிறகு கோபுரமே அவர் மேல் சரிந்தது. பின்கோபுரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் நகம்கூடப் பழுதில்லாமல் நின்றார்கள்.

ஃபிராங்க்ளின் அதை வீடியோ எடுத்து, "ஏலே இசக்கி, ஒன் சம்பந்தி எல்லாரும் வேகுதாவல! உப்பு போட்டியா?" என்று குரலும் கொடுத்து யார்டு குரூப்பில் போட்டான். அது நாலு கை மாறித் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தது. 'கல்யாணம் கிடையாது' என்று சிவனாண்டியிடமிருந்து ஒரு வரி வந்தது. அதன் பின்னாலேயே ரம்யா போன் செய்தாள்.

"பெரியப்பா மீசையில தீ வச்சது நீங்களா?"

"தீய வச்சவன் ஃபிராங்க்ளின். ஆள வச்சதுதான் நான்."

"என்னை எந்தக் கோபுரத்துல வச்சிருக்கிய?"

"உன்ன எங்கயும் வைக்கல."

"ஏனாம்?"

"செத்துட்டன்னா?"

"பெரியப்பா கார எடுத்துட்டுக் கெளம்பிட்டாவ. மூஞ்சிய பத்திரமா பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

மூஞ்சியைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை. சிவனாண்டி காரை நிறுத்தாமலே இறங்கியது போலிருந்தது. தன் வண்டியிலிருந்து இறங்கி "வாங்க மாமா" என்று கும்பிட்ட இசக்கிராஜாவின் வாயில் முதல் குத்து விழுந்தது. மோதிரம் உதட்டைக் கிழித்தது. பின்னந்தலை ராட்சத டயரில் மோத, சட்டை முழுக்க ரத்தம்.

"ஒங்கப்பனும் சித்தப்பனும் வில்ல வச்சிக்கிட்டுப் பின்னால நிப்பானுவ, நாங்க முன்னால நின்னு வேகணுமோல?"

"அண்ணாச்சி, விடுங்க, தீ வச்சவன் நான்லா" என்று ஃபிராங்க்ளின் குறுக்கே பாய்ந்தான். உண்மையைச் சொன்னதற்காக அடிவயிற்றில் ஒரு மிதி வாங்கிக் குப்புற விழுந்து, குடித்த டீயை அங்கேயே கக்கினான்.

ரத்தத்தைத் துப்பிவிட்டு இசக்கிராஜா சொன்னான்: "மாமா, அது மொதப் பந்தி மாதிரி. ஒங்கள விட்டுட்டு எங்கப்பாவ முன்னால வச்சா நீங்க சும்மா இருப்பியளா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. இரண்டாம் பந்தியில் உட்காரச் சொன்னதற்காகச் சொந்த அக்காள் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிச் சமையல்காரன் தலையில் கவிழ்த்தவர் சிவனாண்டி. இந்த நியாயம் அவருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

"சரி, எடம் குடுத்த. வில்லக் குடுத்தா என்ன?"

இசக்கிராஜா போனை நீட்டி வில்லாளியின் படத்தைக் காட்டினான். சிவனாண்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவனா நான்? ஏலே, இதுக்கு வெந்தே சாவலாம்."

கல்யாணம் அந்த இடத்தில் ஊசலாடியது. சிவனாண்டி டயரில் சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: மறுபடியும் சண்டை, அதே முன்கோபுரம், அதே மீசை. அவர் பேர் இன்னொரு தடவை சிவப்பில் ஓடினால் கல்யாணமும் அதோடு ஓடிப்போகும்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஃபிராங்க்ளின் படையைக் கிளப்பினான். விட்டுக்கொடுக்கும்படி இசக்கிராஜா கண்ணைக் காட்டினான். மிதி வாங்கிய வயிறு அதைக் கவனிக்கவில்லை. பந்தங்கள் ஓடிவந்தன. அடிவாரம் பற்றியது. மாமனார் இந்தத் தடவையும் குதித்துச் சிதறினார்.

"கீழ எறங்க வழி கெடையாதால?" என்று சிவனாண்டி கத்தினார்.

"கதவத் தொறந்தா கோட்டை போயிரும் மாமா."

"கோட்ட போனா போவுது. மானம் போவுதுல. தொற!"

இசக்கிராஜா திறந்தான். புகைக்குள்ளிருந்து எரிகிற மீசையோடு சிவனாண்டி வெளியே வந்தார். முதல் வெட்டில் ஒரு பந்தக்காரனின் கை பந்தத்தோடு பறந்தது. அடுத்தவனுக்குத் தலை. கோடாரி ஒருவன் நெஞ்சில் சிக்க, அவனையே தூக்கி இன்னொருவன் மேல் அடித்தார். யார்டில் உட்கார்ந்திருந்த நிஜச் சிவனாண்டி "வெட்டுல! கழுத்தப் பாத்து வெட்டுல!" என்று டயரைக் குத்திக்கொண்டிருந்தார். பின்கோபுரத்திலிருந்து இசக்கிராஜாவின் அப்பா எய்த அம்பு, திரையில் இருந்த சிவனாண்டியின் முதுகுக்குப் பின்னால் கத்தி ஓங்கியவனின் கண்ணில் இறங்கியது. கடைசியில் பிணக்காட்டின் நடுவே பாதி மீசையோடு ஒரே ஆள் நின்றான்.

"அந்த அம்பு யாரு?" என்றார் சிவனாண்டி.

"எங்கப்பா."

"சம்பந்தி நல்ல மனுசன்" என்று எழுந்தார். "ஆவணியில கல்யாணம்."

அப்போதுதான் அந்த உதடு அவர் கண்ணில் பட்டது. முகம் மாறிவிட்டது. "மாப்ள, ஒம் மேல தப்பில்லாம ஒன்ன அடிச்சிட்டேன். நீ எனக்கு ஒண்ணு திருப்பிக் குடுத்துரு" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கன்னத்தைக் காட்டினார். இசக்கிராஜாவின் கை தோள் வரைக்கும் வந்தது. அப்படியே மேலே போய், தன் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது.

"அவனுக்கு வராது அண்ணாச்சி. நான் வேணா குடுக்கட்டா?" என்றான் ஃபிராங்க்ளின்.

"ஒனக்கும் எனக்கும் கணக்கு நேராயிட்டு. தீ வச்சவன்லா நீ."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சிவனாண்டிதான் முதல் பந்தி, முதல் இலை. இப்போது தூத்துக்குடி வந்தால் தம்பி மகள் வீட்டுக்கு வராமல் போகமாட்டார். வந்ததும் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

"ஒண்ணு போட்டுத் தொலைங்களேன். அவ்வோ கன்னத்தக் காட்டிக்கிட்டே இருக்காவ, பாக்க ஒரு மாரி இருக்கு" என்கிறாள் ரம்யா.

"மாமா, காப்பி ஆறுது" என்கிறான் இசக்கிராஜா.

"ஆறட்டும். நீ இதுக்கு ஒரு வழி சொல்லு" என்று சிவனாண்டி கன்னத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துகிறார்.