கேக் வெட்டும்போது கதவுக்குப் பின்னால் இருந்தவர்

கோமதி அக்காவின் தம்பி போன் செய்தபோது என் இரண்டு கைகளிலும் நீல நிற ஃபாண்டன்ட் அப்பியிருந்தது. மூக்கு நுனியால் திரையைத் தொட்டு எடுத்தேன். "அக்கா பூட்டாங்க சுதா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளாறயே…" என்றார். கதவு ஜன்னலெல்லாம் சாத்திய ஏசி அறை. ஃபாண்டன்ட் என்கிற அந்தச் சர்க்கரை மாவுக்கு எங்கள் ஊர் ஈரக்காற்று ஆகாது, பட்டால் வியர்த்துவிடும். கதவைத் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா இருந்திருந்தால், "அழுவுறதா இருந்தா தள்ளி நின்னு அழுடி, மாவு வீணாப்பூடும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

வில்லியனூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எங்களிடம் கேக் வாங்கியவர்களுக்கு என் முகம் தெரியும். அக்காவின் முகம் பலருக்குத் தெரியாது. ஆறு வருடம் என் வீட்டு மாடியறையில் சேர்ந்து வேலை பார்த்தோம். கேக் சுடுவது நான். அதன்மேல் நிற்கிற யானை, ரயில், மீன் எல்லாம் அவர் கைவேலை. பொம்மை நிற்பதற்குப் பல்குச்சி செருக விடமாட்டார். "கொழந்த வாயில குத்திச்சின்னா இன்னா பண்ணுவ?" என்று காய்ந்த நூடுல்ஸ் குச்சியைத்தான் செருகுவார். கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். "கண்ணு வச்சிட்டா அப்பறம் கிள்ளித் திருத்த மனசு வராதுடி" என்பார்.

அக்காவின் கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அப்படிப்பட்ட பெண்கள் பிறந்தநாள், காதுகுத்து வீடுகளில் முன்னே வந்து நிற்கக் கூடாது என்று எங்கள் பக்கம் யாரும் சட்டம் போட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். டெலிவரிக்கு நான் மட்டும் போவேன். "நீயும் வாக்கா" என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. திரும்பி வந்ததும் ஆசையாகக் கேட்பார், "வெட்டும்போது புள்ள இன்னா பண்ணுச்சி?" பாதி நாள் நான் கேக் வெட்டும்வரை நின்றிருக்கவே மாட்டேன். "சிரிச்சிதுக்கா, கை தட்டுச்சி" என்று அளந்துவிடுவேன். விடமாட்டார். எந்தப் பொம்மையை முதலில் பிடுங்கியது, யாருக்கு ஊட்டியது என்று குடைவார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று சொல்லி, அந்த மூடிய அறையில் வசமாக மாட்டிக்கொண்டு விழிப்பேன்.

போன வருடம் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மண்டபம். முதல் பிறந்தநாள், காட்டு விலங்குகள் நிற்கிற இரண்டடுக்குக் கேக். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். குழந்தையின் மாமா, கெட்டுப்போய்விடுமே என்ற அக்கறையில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். வெளியே எடுத்த சிறிது நேரத்தில் யானைக்கு வியர்த்துக் கொட்டியது. சாம்பல் சாயம் வழிந்து, தும்பிக்கை கழன்று விழுந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். மண்டபத்து மளிகை அறையில், மின்விசிறிக்கு அடியில் கேக்கை வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, சோளமாவு தூவி, புதுத் தும்பிக்கை பிடித்து வைத்தார். முடிக்கவும், "கேக்க எடுத்துக்கினு வாங்கம்மா, நேரமாவுதில்ல" என்று குழந்தையின் அத்தை குரல் கொடுக்கவும் சரியாக இருந்தது. அக்கா கையைத் துடைத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். கூட வரப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நீ கொஞ்ச நேரம் உள்ளாறயே இரு அக்கா" என்றேன்.

தானாகத் திறந்துகொள்கிற கதவு அது. யார் கண்ணிலாவது பட்டுவிடுவாரோ என்ற பயத்தில், கேக்கை வெளியே வைத்துவிட்டுத் திரும்பி வந்து வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு போய் எல்லோரோடும் சேர்ந்து பாட்டுப் பாடினேன், கை தட்டினேன்.

திறந்தபோது அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். "தும்பிக்க நின்னுச்சா?" என்றார். "நின்னுச்சிக்கா" என்றேன். குழந்தை என்ன செய்தது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிறந்தநாளைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரு வருடம் அதே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து மாவு பிசைந்தோம். தப்பு செய்துவிட்டேன் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துக்கத்துக்கு அந்தக் குழந்தையின் அம்மா வந்திருந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. மாலைக்குள் கிடந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "யானைய சரி பண்ணிக் குடுத்தவங்க இவங்கதான? ஸ்கூட்டில வந்து எறங்கினத மாடிலேர்ந்து பாத்தேன். புள்ள கையால ஒரு வாய் ஊட்ட வைக்கலாம்னு கேக்குத் துண்ட எடுத்துக்கினு மண்டபம் பூரா தேடினேங்கா. எங்க பூட்டாங்க அன்னிக்கி?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இதைப் படிக்கிற உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். ஊர் என்ன நினைக்குமோ என்று நான்தான் அவரைப் பூட்டிவைத்தேன். அவரிடம் போய்ச் சேராத அந்த ஒரு வாய்க் கேக்தான் அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது.