டெனிஸ் அப்பாவின் டிராம்போன்

நான் வேலைக்குப் போகும் காரில் தினமும் காலையில் ஒரு பிணம் பாடுகிறது. டெனிஸ் சாவியைத் திருப்பியதும், ஹீட்டர் சூடேறுவதற்கு முன்பே, முந்தின நாள் நிறுத்திய இடத்திலிருந்து அது தொடங்கிவிடும். சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவன், பெட்டியின் நீளம் போதவில்லை, கால் இடிக்கிறது என்று தன்னைப் புதைக்க வந்தவர்களிடம் குறை சொல்லிப் பாடுவான். அப்படியானால் காலை வெட்டிவிடலாமா என்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து இனிமையாகக் கேட்பார்கள். அரங்கம் முழுவதும் சிரிக்கும். காரின் கண்ணாடியில் உறைபனி. சாலையில் ஓர் ஆள் கிடையாது. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடியேதான் நான் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

டெனிஸும் நானும் ஒரு ஜோடி. இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சின்ன ஊரில், படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, உட்காரவைத்துவிட்டு வருவது எங்கள் வேலை. தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. எனக்கு இங்கே வண்டி ஓட்டும் உரிமம் இல்லை. கார் அவருடையது, அதனால் பாட்டும் அவருடையது. வெள்ளைக்காரப் பெண்மணி, அவருக்கு என் அம்மா வயதிருக்கும். சிரித்தால் ஸ்டியரிங்கும் சேர்ந்து குலுங்கும்.

அந்தக் குறுந்தகட்டுக்கு ஒரு கதை உண்டு. யாரும் சாகாத ஓர் ஊரில், பிழைப்புக் கெட்டுப்போன இரண்டு வெட்டியான் சகோதரர்கள், நாமே ஆட்களைச் சாகவைத்தால் என்ன என்று கிளம்புகிறார்கள். அதுதான் நாடகம். பேச்சுக்குப் பேச்சு பாட்டு. சில மாதங்கள் ஓடிவிட்டு மேடையை விட்டு இறங்கிப்போனதாம். பெயரைச் சொன்னால் இங்கே இருப்பவர்களுக்கே தெரியவில்லை. ஆனால் அதை முதன்முதலில் மேடையேற்றியவர்களின் குரலிலேயே, பார்வையாளர்களின் சிரிப்போடும் இருமலோடும் சேர்த்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இப்படிப் பதிவு செய்வதை 'ஒரிஜினல் காஸ்ட் ரெக்கார்டிங்' என்கிறார்கள். பிறகு யார் எத்தனை முறை நடித்தாலும் இவர்கள்தான் முதல் ஆட்கள். பிணத்தைக் குழிக்குள் இறக்கும் இடத்தில் கயிறு நழுவிப் பெட்டி தடாலென்று விழும். அந்த வழுக்கலை டிராம்போன் என்ற நீண்ட பித்தளை ஊதுகுழல் 'பூ...ஊ...ம்' என்று மேலிருந்து கீழே இழுத்துக் காட்டும். அந்த இடம் வரும்போதெல்லாம் டெனிஸ் விரலை உயர்த்தி, "தட்ஸ் மை டாட்!" என்று சொல்லிச் சிரிப்பார்.

முதல் முறை கேட்டபோது, குழியில் விழுந்த ஆள்தான் அவருடைய அப்பா என்று எடுத்துக்கொண்டேன். "ஐ ஆம் வெரி ஸாரி, மேடம்" என்றேன், மெல்லிய குரலில், எங்கள் கல்லூரியில் கற்றுத்தந்த மாதிரி. அவர் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்பா மேடையில் இல்லை, மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்தில் இருந்தவர். ஊர்ப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே டிராம்போன் வாசித்தவர். செத்து வெகுகாலம் ஆகிறது. "பள்ளத்தில்தான் இருந்தார், பள்ளத்துக்கே போய்விட்டார்" என்று டெனிஸ் சொன்னபோது, நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வெளியே பார்த்தேன்.

எனக்குப் புரியாமல் போனது அவருடைய ஆங்கிலம்தான். சாவில் சிரிப்பது எனக்குப் புதிதல்ல. ஆம்பூரில் எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பேண்ட் செட் வரும், பட்டாசு வரும், பாடைக்கு முன்னால் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தில் முதல் ஆள் என் அப்பா. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிறவர். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். கல்யாணத்தில் ஆடச் சொன்னால் மாட்டார். சாவென்றால் ஷிப்ட் முடிந்து அந்த வாடையோடேயே ஓடிவருவார். துண்டை வாயில் கடித்துக்கொண்டு பின்பக்கமாகவே தெருக்கோடி வரைக்கும் ஆடிக்கொண்டு போவார். பிணத்தின் முகத்தைப் பார்த்துத்தான் ஆடவேண்டுமாம். நடுவில் நிறுத்தி, "மாமா, எழுந்திரு, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, மேஸ்திரி திட்றான்!" என்று கத்துவார். மாரடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் கூட முந்தானைக்குள் சிரித்துவிடுவார்கள். எங்கள் சர்ச்சுப் பாதிரியாரான சபை ஐயருக்கு மட்டும் இது பிடிக்காது. "கிறிஸ்தவங்க வூட்டுல இன்னா ஆட்டம் இது, தேவராஜ்?" என்பார். "பரலோகத்துக்குத்தான போறான், ஐயரே? அழுதுகினே அனுப்பணுமா?" என்று அப்பா கேட்பார்.

இங்கே எங்கள் முதியவர் ஒருவர் இறந்துபோனால், மறுநாள் காலை எங்கள் போனில் வரும் பட்டியலில் அவர் வீடு இருக்காது. அவ்வளவுதான். அந்தத் தெருவைத் தாண்டும்போது டெனிஸ் பாட்டின் ஒலியைக் கொஞ்சம் குறைப்பார். தாண்டியதும் கூட்டிவிடுவார். ஊரில் தெருவில் நடப்பதை இங்கே தகட்டில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுக்கா ஆபீசில் நின்ற நாளில் அப்பா டேனரிக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், விமானம் ஏறியதும் நான்தான் முதல். முன்னால் யாராவது போயிருந்தால் எங்கே தடுக்கும், எங்கே குனியவேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். இங்கே வந்து படித்த படிப்பு முடிந்தது, படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. இந்த வேலை கிடைத்து, விசாவை மாற்ற விண்ணப்பித்தேன். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது, ஊருக்குப் போகலாம், இங்கே திரும்பி வரமுடியாது. இதை வாசிக்கும் உங்களில் வெளிநாடு வந்த பலர் இந்த நாட்களைக் கடந்திருப்பீர்கள். இந்த நாட்களில்தான் அப்பாவின் நுரையீரல் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்து, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வந்துவிடுகிறேன் என்றேன். வீடியோவில் மூச்சு வாங்க வாங்க மறுப்பாகத் தலையாட்டினார். "வந்து இன்னா பண்ணுவ? தொட்டில எறங்குவியா? வராத." அருகில் தம்பி ஜெபா இருந்தான். அவன் ஷூ கம்பெனியில் தைக்கிறான். என்னைப் பார்க்காமலே இருந்தான்.

அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருந்தது டெனிஸின் காரிலிருந்து. பின்னணியில் அந்தக் குழி இறக்கும் பாட்டு. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டேய் பெரியவனே, இன்னாடா இது? நம்ம பேண்ட் செட்டு மாறியே கீது?"

"நாடகப் பாட்டுப்பா. பொணம் பாடுது."

"பொணமா? இன்னான்னு பாடுது?"

"பொட்டி பத்தலயாம். காலு இடிக்குதாம்."

அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு திரும்ப வாங்கி, "எனுக்கு இதையே வெச்சிடு. பேண்ட் செட்டு இன்னாத்துக்கு, ஜாஸ்தி கேக்கறான்" என்றார்.

ஒரு காலையில் எழுந்தபோது போனில் செய்தி வந்து கிடந்தது. அன்று சாயங்காலமே அடக்கம். ஜெபாவை அழைத்தேன். அவன் அழவில்லை. "அண்ணா, அந்தப் பாட்டு அனுப்பு. ஸ்பீக்கர் கட்டிக்கீறோம். அவரு சொன்னாரு இல்ல?" என்றான். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்த காரியம். நான் வழக்கம்போல் சீருடை போட்டுக்கொண்டு தெருமுனையில் போய் நின்றேன். டெனிஸிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். என் வாடகை அறையில் என்னால் தனியாக இருந்திருக்க முடியாது. இந்தப் பாட்டைப் போனில் பதிந்துகொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஒலியைக் கூட்டிவைத்தார். பதிந்ததும், கேட்டுக்கூடப் பார்க்காமல் தம்பிக்கு அனுப்பினேன்.

இரண்டு வீடுகளுக்கு நடுவில் டெனிஸ் டீ வாங்கப் போனபோது ஜெபா வீடியோவில் வந்தான். இங்கே முற்பகல், அங்கே சாயங்காலம். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐஸ் பெட்டிக்குள் அப்பா. கண்ணாடிக்குக் கீழே அவர் விரல்களைப் பார்த்தேன். வெளுப்பு அப்படியே இருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. அது ஆரம்பத்தில் மெதுவாக, ஆர்கனோடு, பல குரல்கள் ஒன்றுசேர்ந்து எழும் பாட்டு. எங்கள் ஜனங்களுக்கு ஆங்கிலத்தில் கூட்டமாகப் பாடினால் அது சர்ச்சுப் பாட்டுத்தான். நாற்காலியில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்கள். ஐயர் கண்களை மூடினார். காலை வெட்டிவிடலாமா, கழுத்தோடு வெட்டலாமா என்று கோரஸ் கேட்க, அத்தனை பேரும் குனிந்த தலையோடு நின்றிருந்தார்கள். அப்பா பார்த்திருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பார். அர்த்தம் கேட்டவர் அவர் மட்டும்தான்.

டிராம்போன் வழுக்கி இறங்கியது. அதன் மேலேயே, தெரு முழுவதும் கேட்க, டெனிஸின் குரல்: "தட்ஸ் மை டாட்!" தொடர்ந்து அந்தக் குலுங்கல் சிரிப்பு.

"யாருடி அது?" என்றது ஒரு குரல்.

"வெள்ளக்காரி. 'மை டாட்'ன்றா. எங்கப்பான்றா, கேட்டியா?" ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் அத்தை சொன்னாள். "அழுவுறா பாரு, பாவம்."

அம்மா ஐஸ் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "ஜெபா, யாருடா? அண்ணன் பொண்டாட்டியா?"

ஜெபா என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா ஐஸ் பெட்டியின் மேல் கவிழ்ந்து, "கேட்டியாய்யா, உன் மருமவ வந்துட்டாய்யா, புள்ள வரலனாலும் மருமவ கொரலு வந்துச்சேய்யா!" என்று ஒப்பாரி எடுத்துவிட்டார். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்பாவோடு ஒரே தொட்டியில் வேலை பார்த்த பாஷா பாய், "நம்ம தோஸ்துக்கு வெள்ளக்காரி அழுவுறாப்பா" என்று கண்ணைத் துடைத்தார். அவ்வளவு ஆறுதலை அந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

டெனிஸ் இரண்டு டீயோடு வந்து கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். சொன்னேன். அவருக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. டீயை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, தான் சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் தோளோடு குனிந்து திரையைப் பார்த்து, "ஓ, ஐ ஆம் ஸோ ஸாரி, லவ்" என்றார். இந்தப் பக்கத்தில் கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதை இனி ஆம்பூரில் யாருக்கு விளக்குவது?

"லவ்ன்றாடி" என்றது அத்தையின் குரல், தாழ்வாக. "ஆனா வயசு கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதே."

"எதுவா இருந்தா இன்னா, கூட கீறா இல்ல" என்றார் அம்மா.

கல்லறைத் தோட்டம் வரை ஜெபா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். தெருப் பையன்கள் ஆடினார்கள். யாரும் பின்பக்கமாக ஆடவில்லை. அது அப்பாவுக்குத்தான் வரும். பெட்டியை இறக்கினார்கள். கயிறு நழுவவில்லை. மெதுவாக, ஒழுங்காக இறங்கியது. ஐயர் ஜெபித்து முடித்து, வழக்கப்படி, "மூத்த மகன் மொதல் மண்ணு போடணும்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். எங்கள் அடுத்த முதியவரின் வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டெனிஸ் கார் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் மடியில் இருந்த கையை விரித்து வைத்திருந்தேன்.

"அண்ணா, நீ பாரு. உன் சார்பா நான் போடறேன்" என்றான் ஜெபா. ஒரு கையில் போன், ஒரு கையில் மண். குழி ஓரத்தில் ஈரம். அவன் குனிந்தபோது எது முதலில் நழுவியது என்று தெரியவில்லை. திரையில் வானம் சுழன்றது, ஒரு தட்டல், பிறகு எல்லாம் நின்றுவிட்டது.

போன் பெட்டியின் மேல் மல்லாக்க விழுந்திருந்தது. நான்கு பக்கமும் மண் சுவர். மேலே நீள்சதுரமாக வானம். அதைச் சுற்றி அம்மா, அத்தை, பாஷா பாய், ஐயர், தெருவில் எனக்குத் தெரிந்த அத்தனை முகங்களும் என்னையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஊரை விட்டு வந்ததிலிருந்து அவர்கள் எல்லோரையும் ஒன்றாக நான் பார்த்தது அப்போதுதான். பின்னால் நின்றவர்களுக்கு நடந்தது தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்கு மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

"டேய், போடாதீங்கடா!" ஜெபாவின் குரல் உடைந்து வந்தது. "அண்ணன் உள்ள கீறான்டா! மண்ணு போடாதீங்க!"

அதற்குள் இன்னொரு பிடி விழுந்தது. வானம் போனது, முகங்கள் போயின. இருண்ட திரையின் மூலையில், தபால்தலை அளவுக்கு, காருக்குள் சீருடையோடு உட்கார்ந்திருந்த நான் மட்டும் மிச்சம் இருந்தேன்.