சேட்டுக்கு ஸ்டூல் போட்ட தப்பு

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் நாங்கள் இரண்டு பேர் கூட்டாக ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தினோம். நானும், நாசரேத் பக்கத்திலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவரும். டாக்சியும் லாரியும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. கருவிகள் குறைவு. யாராவது அதைச் சொல்லிக் காட்டினால், "அறுக்க மாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவா" என்று அண்ணாச்சி வாயை அடைத்துவிடுவார்.

வீல் அலைன்மென்ட் பார்க்க எங்களிடம் இருந்தது ஒரு சாக்பீஸும் ஒரு கம்பும். கம்பின் நுனியில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு போல்ட். முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவே, முன்பக்கமாகக் கம்பை இடுக்கி, அது தொடும் இடத்தில் குறி போடுவோம். சக்கரம் அரைச்சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டினால் குறி பின்பக்கம் வரும். அங்கேயும் அளப்போம். பின்னால் இருப்பதைவிட முன்னால் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைந்திருந்தால் சக்கரம் சரி.

எங்களைத் தேடி ஒரு பார்சி சேட் வந்தார். தாதரில் மருந்துக்கடை. நல்ல பாரி உடம்பு. அவர் வைத்திருந்ததோ தரையோடு தரையாக ஓடும், இரண்டே சீட்டுள்ள சீமை ஸ்போர்ட்ஸ் கார். முன் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கேன்வாஸ் தெரிந்தது. வெளிப்பக்கம் புதுசு போல இருந்தது. அளந்து சரிசெய்து அனுப்பினோம். மூன்றே மாதத்தில் அடுத்த ஜோடியும் அதே கதி. அளந்தால் அளவு நூல் பிசகவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோது புது டயர் மாட்டியிருந்தார். அவர் இந்தியில் சொன்னது இதுதான்: "மிஸ்திரி, இந்த அளவு டயர் இந்த ஊரில் கிடைக்காது. என் மச்சான் கப்பலில் கொண்டுவந்த கடைசி ஜோடி இது. இதுவும் போனால் வண்டியை விற்றுவிடுவேன்."

அண்ணாச்சி என்னை ஓரமாக இழுத்தார். "ஓய், ரெண்டு ஜோடிய தின்னாச்சு. இதயும் தின்னா மனுசன் அழுதிருவாருவே."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க. அளந்துதான போட்டோம் அண்ணாச்சி?"

"அளந்து என்ன செய்ய? டயருல்லா தேயுது!"

மறுபடி அளந்தோம். வேலை நடக்கும்போது வண்டிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து, இரானி கடையிலிருந்து டீ வரவழைப்பது எங்கள் வழக்கம். அன்றும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருந்தேன். சேட்டுக்கு இடுப்புவலி. சாய்ந்து உட்கார வேண்டும் என்று சொல்லி, எழுந்துபோய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

சக்கரங்களுக்கு நடுவே இறுக்கமாக நின்ற கம்பு டணாரென்று கீழே விழுந்தது.

குனிந்து பார்த்தேன். கம்பைத் தூக்கிப் பிடித்தால் அதற்கும் டயருக்கும் நடுவே இடைவெளி. அவரை இறங்கச் சொல்லி வண்டியைக் குலுக்கினோம். கம்பை இடுக்கினால் பழையபடி நின்றது. ஏறச் சொன்னோம், விழுந்தது. டாக்சிக்கும் லாரிக்கும் ஓட்டுகிறவன் எடை ஒரு பொருட்டே இல்லை. இந்தச் சின்ன வண்டியோ அவர் ஏறியதும் அமுங்கி, முன்சக்கரங்கள் வெளியே பார்த்துத் திரும்பின. ஓடும் வண்டியில் அவர் இருப்பார். அளக்கும் வண்டியில் அவர் இருந்ததே இல்லை. மரியாதை செய்து செய்தே ஒரு ஜோடி டயரைத் தேய்த்திருக்கிறோம்.

அவர் எடைக்கு மணல்மூட்டை வைத்து வேலை செய்யலாம் என்று எண்ணி, "சேட், எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்தார். அடுத்த கடைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நானே உட்காருகிறேன்" என்றார்.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பேப்பரை விரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி வண்டிக்கு அடியிலிருந்த குழியில் இறங்கி, முன்சக்கரங்களை இணைக்கும் ராடைத் திருக, நான் கம்பைப் பிடித்தேன். டீ வந்தது. "சேட்டுக்குக் குடுக்காதேரும், எடை கூடிரும்" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. தமிழ் தெரியாததால் சேட் குடித்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து வந்தார். முன் டயரின் உள்பக்கம் உள்ளங்கையை ஓட்டினேன், பிறகு வெளிப்பக்கம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அண்ணாச்சியும் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

"இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்றார் சேட்.

"நாள் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது சேட். நீங்க மட்டும் இளைச்சிடாதீங்க."

வீட்டில் டாக்டர் நெய்யை நிறுத்தச் சொல்லியிருக்கிறாராம். மிஸ்திரி நிறுத்தக் கூடாதென்று சொல்லிவிட்டதாக மனைவியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று, சிரித்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.