முப்பத்தாறு மாதம்

சக்கர நாற்காலியை மடிக்க ஒரு பக்குவம் வேண்டும். கால் வைக்கும் தட்டுகள் இரண்டையும் முதலில் மேலே தூக்கிவிட வேண்டும். பிறகு உட்காரும் துணியின் நடுவில் முன்னும் பின்னும் கைகொடுத்து ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். தயங்கி இழுத்தால் பாதியில் நின்றுகொண்டு விரலைக் கடிக்கும். மடித்ததைக் காரின் பின்பக்க டிரங்கில் படுக்க வைக்கும்போது, எவ்வளவு சாமர்த்தியமாகத் தூக்கினாலும், சக்கரத்தின் கறுப்பு சட்டையில் ஒரு கோடாகப் பதிந்துவிடும். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் அண்ணன் வீட்டில் இருந்த அந்த ஒரு வருடத்தில் வெள்ளைச் சட்டை வாங்குவதையே விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை மடிப்பு, மூன்று தடவை விரிப்பு. டெக்ஸஸ் ஆகஸ்ட் வெயிலில் டிரங்கு மூடியைத் தொட்டால் கை பொரிந்துவிடும். இன்றைக்கும் ஏதாவது கடை வாசலில் யாராவது அந்த நாற்காலியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் நான் ஓடிப்போய் உதவுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு சலித்துப்போய்விட்டது.

அண்ணன் எனக்குப் பதினொரு வயது மூத்தவர். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அமெரிக்கா வந்த எங்கள் குடும்பத்து முதல் ஆள். எண்ணெய்க் குழாய்களை வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது, தனியாக அபார்ட்மென்ட் எடுக்கிறேன் என்றதற்கு ஒரு வாரம் கோபித்துக்கொண்டார். அவர் வீட்டு மாடி அறையிலேயே தங்கினேன். நான் வந்த மூன்றாம் மாதம், கூரை விளிம்புத் தகரத்தில் அடைத்திருந்த இலைகளை அள்ள ஏணியில் ஏறியவர் பின்பக்கமாக விழுந்தார். விழுந்தது இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கொஞ்சம் மிஞ்சியது, வலு மிஞ்சவில்லை. வரலாம், வராமலும் போகலாம், வருவதாக இருந்தால் முதல் வருடத்துக்குள் ஓரளவு தெரிந்துவிடும் என்றார் டாக்டர். வலது கால் கட்டைவிரல் மட்டும், அவர் கண்ணை மூடி முயன்றால், லேசாக அசையும். தினமும் காலையில் காபி கொடுக்கும் முன் அண்ணி அந்த விரலைத்தான் பார்ப்பார்.

ஆறு மாதம் கழித்து ஆபீஸில் குறைந்த சம்பளத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் ஃப்ரீவே நெடுஞ்சாலை வழியாக அவரை ஆபீஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு பிசியோதெரபி, அங்கே ஒரு மணி நேரம் காத்திருப்பு, பிறகு வீடு. அண்ணிக்கு ஃப்ரீவே என்றால் பயம், பக்கத்துக் கடைக்கு மேல் ஓட்ட மாட்டார். சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட எல்லோரையும் கோயிலுக்கு அழைத்துப் போவதும் நான்தான். காரில் உட்கார்ந்ததும் அண்ணன், “உனக்குத்தான்டா சிரமம்” என்பார். முதல் மாதம் “அதெல்லாம் இல்லீங்ணா” என்றேன். ஆறாம் மாதம் ரேடியோவைத் திருகினேன். அவரும் அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அதே சமயத்தில் கல்லூரி நண்பன் ஒருவன் சான் ஹோசேயில் புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் மாநில மறுவாழ்வு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்தார். கால் இல்லாமலே கார் ஓட்டலாம் என்று படம் காட்டி விளக்கினார். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு கம்பி. முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். கம்பியை அவர்கள் செலவிலேயே பொருத்தி, ஓட்டவும் பழக்கிவிடுவார்கள். வேலைக்குப் போய்வர அண்ணனுக்கு மாதாமாதம் வருகிற பயண உதவியைப் புதுக் காரின் லீஸுக்குத் திருப்பிவிடலாம்; வாடகை மாதிரி மாதாமாதம் கட்டி ஓட்டி, கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது. எங்கள் பழைய கார் அந்தக் கம்பியைத் தாங்காது, குறைந்த சம்பளத்தில் புதுசு வாங்கவும் முடியாது, அதனால் லீஸ்தான் வழி. ஒரே ஒரு நிபந்தனை: இத்தனை ஏற்பாடும் செய்வதால், குறைந்தது முப்பத்தாறு மாத லீஸாக இருக்க வேண்டும். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் சோபாவில் குதித்தாள். “டாடி, கையாலயே டிரைவ் பண்ணுவீங்களா? கூல்!” என்றாள். எனக்கும் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அண்ணி மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குச் சிம்ம ராசி. அவர் விழுந்த சமயத்தில்தான் அஷ்டமச் சனி பிடித்தது என்று அண்ணியின் அப்பா ஈரோட்டு ஜோசியரிடம் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார். இரண்டரை வருடம் ஆட்டி வைக்கும், விலகியதும் எழுந்து நடப்பார் என்று அதில் இருந்தது. அந்த அம்மாள் போனபின் ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணி சொன்னார்:

“மூணு வருஷமெல்லாம் வேண்டாமுங்க. சனி விலக இன்னும் பதினெட்டு மாசந்தான் இருக்குது. அப்புறம் அந்தக் கம்பி நமக்கு எதுக்குங்க? நாமளே மூணு வருஷம்னு சைன் பண்ணிக் குடுத்தா, இப்படியே இருக்கட்டும்னு கேட்டு வாங்குன மாதிரி ஆயிராதா?”

“அதுவரைக்கும் ஆபீஸ் போறது?” என்றார் அண்ணன்.

“அதுவரைக்கும் தம்பிதான் இருக்கறாரே.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. படித்தவர். அவரே மறுநாள் டெலிபோன் டைரக்டரியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கார் டீலராகக் கூப்பிட்டு, பதினெட்டு மாத லீஸ் உண்டா என்று விசாரித்தார். எதற்காகப் பதினெட்டு என்று ஒருவர் கேட்டதற்கு, குடும்பத்தில் ஒரு நல்ல மாற்றம் எதிர்பார்க்கிறோம் என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த டீலர், குழந்தை பிறக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். அண்ணியும் தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டார். கடைசியில் ஒரு டீலர் இருபத்துநாலு மாதத்துக்கு ஒப்புக்கொள்ள, ஈரோட்டுக்கு ஃபேக்ஸ் போனது. ஆறு மாதம் கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை, புதன்கிழமை கையெழுத்துப் போடவும் என்று பதில் வந்தது. மறுவாழ்வு அலுவலகத்து அம்மாள்தான் மசியவில்லை. முப்பத்தாறு என்றால் முப்பத்தாறு.

அண்ணன் இரண்டு வாரம் எந்தப் பக்கமும் சாயவில்லை. அவர் இன்ஜினியர், மாமனாரின் ஃபேக்ஸுக்கு மனசுக்குள் சிரிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பெட்ரோல் போட அவர் கொடுத்த பர்ஸை நான் திறந்தபோது அந்த ஃபேக்ஸ் நாலாக மடித்து லைசென்ஸுக்குப் பின்னால் இருந்தது. ஃபேக்ஸ் தாளில் எழுத்து மங்கிவிடும் என்று, சனி விலகும் தேதியின் மேல் தன் கையாலேயே பேனாவில் இன்னொரு தடவை எழுதியிருந்தார். பழையபடியே மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு அவரைத் திரும்பிப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவர் கார் எடுக்க வேண்டும், நான் போக வேண்டும் என்ற நினைப்பு மட்டும் மாறவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணன் என் ஆபீஸுக்குப் போன் பண்ணி, லீவு சொல்லிவிட்டு வா, டீலரிடம் போகணும் என்றார். அண்ணியிடம் சொல்லவில்லை என்று வழியில்தான் தெரிந்தது. முப்பத்தாறு மாத பேப்பர்களை விற்பனைக்காரர் மேஜையில் பரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பெருக்கல் குறி போட்டார். அண்ணனின் லைசென்ஸை நகல் எடுக்க உள்ளே போனார். அண்ணன் பேனா மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்.

“சான் ஹோசேக்காரனுக்கு என்னடா பதில் சொன்னே?” என்றார்.

“எந்தச் சான் ஹோசே?” என்று உளறினேன்.

“போன வாரம் போன் பண்ணினான். நீ குளிச்சிட்டிருந்தே. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் வெயிட் பண்ணுவேன்னான்.”

“நான் போகலீங்ணா. இங்கயே இருக்கறேன்.”

“இருக்கறதா இருந்தா அவங்கிட்டச் சொல்லி முடிச்சிருப்பே. இத்தனை மாசம் இழுத்திருக்க மாட்டே.”

நான் மேஜைமேல் இருந்த கார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் “இல்லை, நிஜமாகவே போகவில்லை” என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போதும், பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

“எனக்கும் அந்தப் பதினெட்டு மாசத்து மேல ஆசைதான்டா. உங்கண்ணி மட்டும் நம்பறதா நினைக்காதே” என்று சொல்லிவிட்டுக் குனிந்து முதல் கையெழுத்தைப் போட்டார். மொத்தம் ஒன்பது இடம். விற்பனைக்காரர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பதில் அர்த்தமில்லை, வெளியே வந்து நாற்காலியை மடித்தபோது கை லேசாக இருந்தது.

அண்ணி இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், “வண்டியைக் கோயிலுக்கு எப்பக் கொண்டு போறது?” என்று கேட்டார். கம்பி பொருத்தி, அண்ணன் பழகி முடித்ததும், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து பூஜை நடந்தது. குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு வழக்கம்போல் என்னைப் பார்த்து, வண்டியை எடுங்கோ என்றார். நான் அண்ணனைக் காட்டினேன். அவர் கம்பியை அழுத்த, கார் எலுமிச்சைகளை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. அண்ணி பின் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரீவேயில் நான் பழைய காரில் பின்னால் போனேன். ஐந்து மைல் தூரம் வரை ஒட்டியே போனேன். அதற்குப் பிறகு அவர் வேகமெடுத்து லேன் மாறிப் போய்விட்டார். ஆறு வாரத்தில் நானும் சான் ஹோசேக்குப் புறப்பட்டேன்.

பதினெட்டாம் மாதம் சனி விலகியது. அன்றைக்கு நானே போன் செய்தேன். பூஜை நல்லபடியாக நடந்ததாம். விரல் அப்படியேதான் இருக்கிறதாம். குரு பார்வை இன்னும் சரியாக விழவில்லை என்று ஈரோட்டில் சொல்கிறார்களாம். அண்ணி சொல்லச் சொல்ல நான் ம் கொட்டினேன். போனை வைத்துவிட்டு என் மனைவியிடம், படித்தவர்களே இப்படி இருந்தால் என்ன செய்வது என்று பெரிய மனிதன் மாதிரிப் பேசினேன். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, தினமும் இரண்டு மணி நேரம் என் வேலைக்காகவே கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் தானே ஆபீஸ் போனார், தானே மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தார், ஒரு தடவை தனியாக டல்லாஸ் வரை போய்விட்டு வந்து என்னிடம் பீற்றிக்கொண்டார். எல்லாம் சரியாக நடந்துவிட்டது, நான் விரும்பியதுதான் சரி என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி கூப்பிட்டார்.

“லீஸ் இந்த மாசத்தோட முடியுதுங்க தம்பி. திருப்பிக் குடுக்கறதுன்னா கம்பியைக் கழட்டணுமாம். உங்கண்ணன் அதெல்லாம் வேண்டாம், இந்தக் காரையே சொந்தமா வாங்கிக்கலாம், கை பழகிருச்சுங்கறாரு.”

அதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. சம்பளம் பழையபடி ஆகியிருந்தது, கார் நல்ல கார். தாராளமாக வாங்கட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“வாங்கறது எதுக்குங்க அண்ணி? இன்னொரு லீஸே போட்டுக்கலாமே. மூணு வருஷந்தானே, பார்க்கலாம்.”

எதைப் பார்க்கலாம் என்று எனக்கே தெரியவில்லை.

“நானும் அதையேதானுங்க தம்பி சொன்னேன்” என்றார் அண்ணி. “கேக்கலை. முந்தாநேத்தே போய் வாங்கிட்டு வந்துட்டாரு.”