அக்கா தனியாகப் பார்த்த படம்

அக்காவுக்கு அவள் அலுவலகத்தில் 'மகாராணி' என்று பெயர். எதிரே வருபவர் நேற்றுவரை பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவராக இருந்தாலும், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போய்விடுவாள். தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். தலைக்கனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுக்கு முகம் மனதில் நிற்காது, அவ்வளவுதான். கண் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும். எல்லாம் சேர்ந்து அது யார் என்பது மட்டும் தெரியாது. ஒருமுறை நாங்கள் இருவரும் நிற்கும் புகைப்படத்தைக் காட்டி, "உன் பக்கத்துல நிக்கிற பொண்ணு யாருடி?" என்று கேட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். மூன்று முறை அவளை உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தாயிற்று. பலகையின் கடைசி வரிப் பொடி எழுத்தை மடமடவென்று படித்தாள். பிறகு எழுந்து வெளியே வந்து, வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்ற என்னிடமே, "இங்க வேலை செய்யுற என் தங்கச்சி எங்கேங்க?" என்று விசாரித்தாள். பழகியவர்களை நடையை வைத்தும், குரலை வைத்தும், உட்காரும் இடத்தை வைத்தும் சமாளித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவள் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம். பதினோரு வருடமாக. சிரிக்காதீர்கள். அதற்கு ஏற்பாடு நான்தான். வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். நடிகர் எழுந்து நடந்தால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். முகத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டால் திண்டாட்டம். முழங்கையால் இடித்து, "இப்போ யாரு?" என்பாள். நான் காதில் சொல்வேன். வீட்டுக்கு வந்து எழுதுவாள். நட்சத்திரங்களைப் பற்றி எழுதுகிறவளுக்கு நட்சத்திரம் யாரென்றே தெரியாது என்று பத்திரிகை ஆசிரியர் காதுக்கு எட்டினால் வேலை போய்விடும் என்பது அவளுடைய பயம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த வாரம் எங்களுக்குள் சண்டை. கடைத்தெருவில் என் முதலாளியம்மாவிடம், அதோ எங்கள் அக்கா, பத்திரிகையில் எழுதுகிறவள் என்று பெருமையடித்துக்கொண்டு எதிரே போய் நின்றேன். அவள் என்னை நேருக்கு நேர் பார்த்து, கொஞ்சம் வழிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றுதான் நான் முடியை ஒட்ட வெட்டியிருந்தேன். அவள்மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் வராதா? இந்த வாரம் நீயே போய்க்கொள் என்று சொல்லிவிட்டேன்.

வந்து மாட்டியதோ ஒரு சூதாட்ட விடுதிக் கொள்ளைப் படம். நகைச்சுவை, அதிலும் இரண்டாம் பாகம். பன்னிரண்டு பெரிய நடிகர்கள், பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு. பார்த்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே புரியலடி. யாரு யாரை ஏமாத்துறாங்கன்னு தெரியல. கடைசியில தியேட்டரே எந்திரிச்சு நின்னு கத்துது. எதுக்குக் கத்துறாங்கன்னும் தெரியல."

நான் வீம்பாகப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளே எழுதி அனுப்பினாள். அச்சில் வந்தபோதுதான் படித்தேன்.

'கூட்டாளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு விமானம் ஏறிப்போகும் கதாநாயகர், அடுத்த காட்சியிலேயே விடுதியில் கிழவர் வேடத்தில் தரை துடைத்துக்கொண்டு நிற்கிறார். படம் முழுக்க அவர் கண்ணெதிரே திரிந்தும் கூட்டாளிகளில் ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இது திரைக்கதையின் பெரிய ஓட்டை.'

திங்கட்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா திறந்தாள். வந்தவரை ஏற இறங்கப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டாள். வந்தவர் அவளுடைய ஆசிரியர். போன வாரம் மீசையை எடுத்துவிட்டாராம். பதினோரு வருடமாக அவள் எழுத்தை அச்சில் போட்டவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கிண்டல் பண்றீங்களாம்மா? கடைசி சீன்ல கிழவர் வேஷத்தைக் கலைக்கிறதுதான் படத்தோட ரகசியமே. அதை முதல் பத்தியிலயே போட்டு உடைச்சிட்டீங்க. நானே இன்னும் படம் பார்க்கல, வாசகர்கள் போன்ல சொல்லிக் கிழிக்கிறாங்க. யாரு உங்களுக்குச் சொன்னது?"

"எந்த ரகசியம் சார்? அவர்தான் இடது தோளை முன்னாடி தள்ளிக்கிட்டு நடக்கிறாரே. அது எல்லாருக்கும் தெரியும்ல?"

அவள் நிஜமாகவே குழம்பிப்போய் நின்றாள். அவர் நம்பவில்லை. படம் எடுத்தவர்களில் யாரோ உளவு சொல்லியிருக்கிறார்கள், இனிமேல் நீங்கள் எழுத வேண்டாம் என்று திரும்பினார். கோபத்தில் நான் தனியாக அனுப்பியதால் வந்த வினை இது. சத்தியமாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆசிரியர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷம் எழுதினது யாரு? இவங்களா, நீங்களா?"

சரி, சோதித்துவிடலாம் என்று மறுநாள் மாலைக் காட்சிக்கு எங்களை அவரே கூட்டிக்கொண்டு போனார். அக்கா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும்.

எனக்குத்தான் ரகசியம் தெரியுமே என்று தெம்பாக உட்கார்ந்தேன். விடுதிக்குள் காட்சி வந்தது. தரை துடைக்கும் கிழவர் ஒருவரில்லை, நான்கு பேர். நான்கு பேருக்கும் ஒரே நரைமுடி, ஒரே நீலச் சட்டை. கூன் விழுந்தவரைக் காட்டி, அவர்தானே என்றேன். ஆசிரியர் கண்ணாடி போட்டவர் என்றார். அக்கா ஆயாசமாகத் தலையாட்டினாள்.

"ரெண்டு பேரும் இல்ல. பின்னாடி வாளியோட வர்றாரு பாருங்க."

கடைசியில் வாளிக்காரர்தான் ஒட்டுமுடியைப் பிய்த்தார். தெரிந்தும் நான் வாயைப் பிளந்தேன். அடுத்த நிமிடம் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். பதினோரு வருடமாக இவளுக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று உள்ளுக்குள் நிமிர்ந்து திரிந்தேனே. எத்தனை படத்தில் இவள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் காதில் பேசிக் கெடுத்தேனோ?

வெளியே வந்ததும் ஆசிரியர், வரும் வாரத்திலிருந்து அலுவலகம் ஒரு டிக்கெட்தான் தரும், அக்கா தனியாகப் பார்த்துத் தனக்குத் தெரிந்ததை எழுதட்டும், ரகசியத்தை மட்டும் உடைக்க வேண்டாம் என்றார். அக்காவின் வேலை தப்பித்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இனி அந்தப் பக்கத்து இருக்கை எனக்கில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்று, கிளம்பவில்லையா என்று கேட்டாள். ஒரு டிக்கெட்தானே என்றேன், அவளைப் பார்க்காமல்.

"இன்னொண்ணு நானே வாங்கிட்டேன். நீ பக்கத்துல இல்லாம எனக்கு என்னவோபோல இருக்கு. ஆனா ஒண்ணு. படம் முடியிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது."